மாணிக்கம் வீட்டுக் குறி

மாணிக்கத்தின் கைக்குப் போன துணி வீடு திரும்பாமல் இருந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. நோரிஸ் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் மாணிக்கமே சொல்வார். ஜப்பான்காரன் வந்து நகரமே தலைகீழாகக் கிடந்தபோது, ஒரு வெள்ளைக்காரத் துரை சலவைக்குப் போட்டிருந்த ஆறு சட்டைகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாராம். மூன்றரை வருடம் கழித்துத் துரை எலும்பும் தோலுமாகச் சிறையிலிருந்து வந்ததும், கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். இந்தச் சட்டைக்குள் இப்போது இரண்டு பேர் நுழையலாம் என்று துரை சிரித்துவிட்டு அழுதாராம். இந்தக் கதையை நான் குறைந்தது முப்பது தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சட்டை ஆறுதான், கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அதனால் நம்பலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் மாணிக்கத்தின் டோபி கடை மாடி அறைக்கு நான் குடிவந்தேன். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. நாலு வரி இங்கிலீஷ் எழுதத் தெரிந்த திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது. கீழே கடை, கடைக்குப் பின்னால் திறந்த முற்றம், முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி, துவைகல், வெள்ளாவி அடுப்பு. காலை ஐந்தரைக்கெல்லாம் மாணிக்கம் கல்லில் துணியை அடிக்கும் சத்தம் மாடிப் பலகையை அதிரவைக்கும். எனக்கு அலாரக் கடிகாரம் வாங்கும் தேவையே வரவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு வீட்டுத் துணி அங்கே வெளுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் கசியும் கறுப்புப் பாலைத் தொட்டு, சட்டையென்றால் கழுத்துப்பட்டிக்கு உள்ளே, வேட்டியென்றால் கரையோரம், புள்ளியும் கோடுமாக வைப்பார். மேலே ஈரச் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் துணி கிழிகிறவரை அந்தக் குறி போகாது. அந்தப் பால் பட்டுப் பட்டு அவருடைய வலது கட்டைவிரல் தோல் காய்ந்த ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. துணி போட வருகிறவர்கள், "எப்ப வரும் மாணிக்கம்?" என்பார்கள். "வரும். குறி போட்டிருக்கேன்" என்பார். என்றைக்கு என்று மட்டும் சொல்லமாட்டார். மழை மாதத்தில் அதைச் சொல்ல யாரால் முடியும்?

அவருக்கும் மங்களத்துக்கும் ஒரே மகள். சிவகாமசுந்தரி என்று பெயர் வைத்துவிட்டு, அதை முழுதாகக் கூப்பிட நேரமில்லாமல் எல்லோரும் சிவகாமி ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வயதில் அந்தப் பெண்ணுக்கு நூற்றுப் பன்னிரண்டு குறியும் தலைகீழ்ப் பாடம். "மூணு புள்ளி, குறுக்க ஒரு கோடு?" என்று நான் கேட்டால், "பஃபலோ ரோடு பால்கார மாமா வீடு. அங்கிள் நீங்க ரெண்டு கோடுதான், உங்களுக்குப் புள்ளியே கிடையாது" என்று வாரிவிடுவாள். மாணிக்கம் கேட்டுக்கொண்டே இஸ்திரி போடுவார். பெட்டி ஒருமுறைக்கு இருமுறை ஓடும், சட்டை பளபளக்கும்.

பன்னிரண்டாவது வயதில் அது வந்தது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்தில் பேச்சு நின்றது. பிறகு ஒரு நாள் கூடையிலிருந்த சட்டைகளைக் காட்டி, "இதெல்லாம் அழுவுதும்மா" என்றாள். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். நான் சிரிக்கக்கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

காளியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். கையில் கயிறு கட்டினார்கள். நான் என் பங்குக்கு, "வயசு அப்படி அண்ணே, சரியாயிடும்" என்றேன். ஒன்றும் சரியாகவில்லை. ஐம்பத்தெட்டாம் வருடம் நவம்பரில், ஒரு மூட்டை ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு ரோச்சோர் கால்வாய்க்குப் போய்விட்டாள். நல்ல மழை, கால்வாய் நிறையத் தண்ணீர். மீ கோரேங் நூடுல்ஸ் வறுத்து விற்கும் நூர்தீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் பார்த்து, விளிம்பில் நின்றவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்திருக்கிறார். "தண்ணியில விட்டா அதுங்களா வீட்டுக்குப் போயிடும் மாமா" என்றாளாம். நூர்தீன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களைத் தாண்டி இருக்கிற மனநல ஆஸ்பத்திரி. ஊர் வாயில் அதற்கு இருந்த பெயரை நான் எழுதப் போவதில்லை. டாக்டரம்மா சீனப் பெண். மலாயில் நிதானமாகப் பேசினார். பிள்ளைக்கு மனநோய் இருக்கிறது, இது யார் செய்த குற்றமுமில்லை, பிள்ளைகள் வார்டில் ஆறு மாதம் தங்கினால் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க முடியும், வீட்டில் வைத்து அது முடியாது என்றார். முழுக்கக் குணமாகுமா என்று மங்களம் கேட்டாள். தெரியாது, ஆனால் இப்போது படுகிற வேதனை குறையும் என்றார். கையெழுத்துப் போட ஒரு தாளைக் கொடுத்தார்.

மாணிக்கம் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் மங்களம் பாதியாகிவிட்டாள். முந்தானை நுனியை மகளின் மணிக்கட்டில் முடிந்துகொண்டு இஸ்திரி போடுவாள், சமைப்பாள், கண்ணயர்வாள். ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ருக்கையாக்கா, நூர்தீனின் மனைவி, ஒரு தட்டில் பரோட்டாவும் பருப்புக் குழம்பும் கொண்டுவந்தார்.

"பசியாறிட்டியா மங்களம்?"

"இனிமேதாங்க்கா."

"இனிமே எப்ப? மணி எட்டாச்சு. முதல்ல உக்காரு. கையில என்ன அது, கொப்புளம்?"

"பொட்டி பட்டிருச்சு. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன் போல."

ருக்கையாக்கா சிவகாமிக்குப் பரோட்டாவைப் பிய்த்து வைத்தார். அவள் அதைத் தொடாமல் சுவரில் தொங்கிய சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது" என்றார் ருக்கையாக்கா. "அந்தத் தாளு இன்னும் படத்துக்குப் பின்னாலதான் இருக்கா?"

மங்களம் கணவர் இருந்த பக்கம் பார்த்தாள். மாணிக்கம் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "இருக்கும். அங்கயேதான் இருக்கும்."

"ஏண்ணே?"

"ஊரான் துணி ஒண்ணை நான் தொலைச்சதில்ல ருக்கையா. எம்புள்ளயக் கொண்டுபோயி, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட விட்டுட்டு வரச் சொல்றீங்களா? நாளைக்கு இந்த ரோட்டுல நான் எப்படி நடப்பேன்? மாணிக்கம் மகளைப் போட்டுட்டு வந்துட்டான்னு சொல்லமாட்டாங்களா?"

"சொல்றவன் சொல்லிட்டுப் போறான்லா. கால்வாய்ல இழுத்துப் பிடிக்க அவனா வந்தான்? எங்க வீட்டு ஆளுல்ல வந்துச்சு!"

"அதை நான் மறப்பனா?"

"மறக்கலன்னா அடுத்த தடவைக்கு என்ன வழின்னு சொல்லுங்க. எங்க ஆளு வண்டி எல்லா நாளும் அந்தப் பக்கம் போவாது."

மாணிக்கம் மறுபடி பெட்டியை ஊதினார். மங்களம்தான் வாயைத் திறந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

"ஏங்க, நானும் அவளப் பெத்தவதான். அனுப்பணும்னு சொல்ல எனக்கு மட்டும் நாக்கு வருமா? ஆனா ராவும் பகலும் அவ படுறதப் பாக்குறவ நான். நீங்க துவைக்கிற கல்லுலயும் துணி காயப்போடுற திடல்லயும் நிக்கிறீங்க. அவ காதைப் பொத்திக்கிட்டுச் செவுத்துல முட்டிக்கிறதை நான்தான் கையை வச்சுத் தடுக்குறேன். எங்கைக்கு எவ்வளவு நேரம் பலம் இருக்கும்?"

"நான் பாத்துக்குவேன்" என்றார் மாணிக்கம்.

"எப்பங்க?"

மாணிக்கம் பெட்டியை எடுத்து அடுத்த சட்டையில் வைத்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாளை நிரப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்த அளவுக்குத் தைரியம் எனக்கு வரவில்லை.

டிசம்பர் மழை பத்து நாள் விடாமல் அடித்தது. கடைக்குள் கயிறு கட்டி, அடுப்புச் சூட்டில் துணி உலர்த்தினார்கள். வீடு முழுக்கப் புழுங்கல் வாடை. என் தலையணைக்குக்கூட அந்த வாடை வந்தது. பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்று வெயில். மாணிக்கம் துள்ளிக் குதித்துத் திடலுக்கு ஓடினார். தேங்கியிருந்த அத்தனையையும் விரித்துக் காயவைத்து, மதியம் கொண்டுவந்து கடைப் பலகையில் குவித்தார். இன்னொரு ஈடு எடுக்கத் திரும்பிப் போனார். நானும் கூடையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது மங்களம் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. சிவகாமி குவியலுக்கு நடுவில், கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, கழுத்துப்பட்டியைத் திருப்பி, குறி இருந்த இடத்தை மட்டும் பொட்டளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் ஒரு நூல் சேதமில்லை. மடியில் கறுப்புப் புள்ளிகள் உள்ள துணித் துணுக்குகள் ஒரு கைப்பிடி இருந்தன.

"கட்டிப் போட்டிருந்துச்சுப்பா" என்றாள். "அவுத்து விட்டுட்டேன். இனிமே அழாது."

நான் கூடையைக் கீழே வைத்தேன். கிறிஸ்துமஸ் வாரம். வீடுகள் காத்திருக்கிற துணிகள். பொட்டளவுத் துளை போகட்டும், உள்பட்டியில் இருப்பது, தைத்துவிடலாம். ஆனால் எது யாருடையது? எழுபத்து நாலு உருப்படி. நூற்றில் எண்பது பேர் வெள்ளைச் சட்டை போடுகிற ஊர் இது. மங்களம் விழித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மாணிக்கம் மகளை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மகளின் கையிலிருந்து கத்தரிக்கோலை மெதுவாக வாங்கி உத்தரத்துக்கு மேல் வைத்தார். முகத்தைக் கழுவினார். கால்மடக்கி உட்கார்ந்தார்.

"மங்களம், அவளப் பக்கத்துல வச்சுக்க. தம்பி, நீங்க ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க."

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். நான் ஒரு சட்டையைக் கொடுப்பேன். அவர் உதறுவார், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், மூக்கருகே கொண்டுபோவார்.

"வலது கை மட்டும் வெளுத்திருக்கு பாருங்க. லோரி ஓட்டுறவரு, கையை வெளிய போட்டுக்கிட்டே ஓட்டுவாரு. ஜலாலுதீன்."

அடுத்தது. "பையோட அடி தேஞ்சிருக்கு. பொடி டப்பா. கூலியாளுங்கள மேய்க்கிற மண்டோர் துரைசாமி. மோந்து பாருங்க, இன்னமும் தும்மல் வரும்."

அடுத்தது. "சுண்ணாம்புக்கட்டித் தூள், தையல்ல நிக்குது. வாத்தியாரு."

அடுத்தது. "இது உங்களது தம்பி. மூணாவது பொத்தான் வேற கலரு. நீங்களே தச்சது. மாட்டைக் கட்டலாம், அவ்வளவு நூலு."

மங்களத்துக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. பால்காரர் வேட்டி, நர்ஸு மிஸ்ஸியின் கவுன், நூர்தீனின் மிளகாய் எண்ணெய்க் கறை போகாத சராய் என்று ஒவ்வொன்றாக வீடு கண்டது. அடுக்கு வளர வளர அந்த மனிதரின் கழுத்து நிமிர்ந்துகொண்டே போயிற்று. ருக்கையாக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று. சிவகாமி தாயின் மடியிலிருந்தபடி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குப் பலகை காலி. எழுபத்து மூன்று உருப்படி அவரவர் வீட்டு அடுக்கில் இருந்தன. எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. இந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று யாரிடமாவது போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். வெளிர்நீலத்தில் ஒரு சின்னக் கவுன். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டி.

மாணிக்கம் அதை உதறினார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். கழுத்துப்பட்டியைத் திருப்பினார், விளிம்பைத் திருப்பினார். முகம் சுருங்கியது.

"இதுல ஓட்டையே இல்லையே. அப்ப குறியே போடல. குறி போடாத துணி எப்படிக் கடைக்குள்ள வந்துச்சு? எட்டு ஒம்போது வயசுப் புள்ளயோடது. இப்படி நீலத்துல எடுக்குறது தஞ்சாவூரார் வீடுதான், அங்க பொம்பளப் புள்ள இல்ல... மங்களம், இது யாரு குடுத்தது? யாரு வீட்டுத் துணி?"

மங்களம் அவரையே பார்த்தாள்.

"நம்ம வீட்டுதுங்க."

"என்ன?"

"சிவகாமியோடது. போன தீவாளிக்குத் தேக்கா மார்க்கெட்டுல நீங்கதான் வாங்கிட்டு வந்தீங்க. பன்னெண்டு வயசுப் புள்ளதான். சாப்பிடாமச் சாப்பிடாம இளைச்சுப் போச்சு. நான்தான் ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சேன்."

மாணிக்கம் அந்தக் கவுனைத் தன் முழங்காலில் விரித்துவைத்து, பக்கவாட்டில் இருந்த தையலை விரலால் தடவினார். இரண்டு தையல். ஒன்றுக்குள் ஒன்று. அப்புறம் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். பல நாளாகப் பார்க்காதவர் போலத்தான் பார்த்தார்.

"ஊர்த் துணியெல்லாம் தெரியுது" என்றார். "எம்புள்ள துணி தெரியல எனக்கு."

"நீங்க வேலையில இருந்தீங்க."

"இல்ல மங்களம். பாத்தா ஒத்துக்கணுமேன்னு பாக்காம இருந்தேன்."

எழுந்துபோய் முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டார். தாளைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "எழுதுங்க தம்பி. என்னென்ன கேட்டிருக்கோ எல்லாத்தையும் எழுதுங்க. நோவுன்னு போட்டிருக்கிற எடத்துல மறைக்காம எழுதுங்க." எழுதினேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், கட்டைவிரல் காய்ப்போடு பேனாவைப் பிடித்து, மாணிக்கம் என்று தமிழில் முழுசாக எழுதினார். மங்களமும் எழுதினாள். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

தாளின் கடைசியில், சொந்த உடுப்பு ஆறு கொண்டுவரவேண்டும், ஒவ்வொன்றிலும் அடையாளம் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. மறுநாள் காலையில் நான் பேனாவை எடுத்து, கவுன் ஓரத்தில் இங்கிலீஷில் பெயரை எழுத ஆரம்பித்தேன். மாணிக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"கிராணித் தம்பி, டோபி கடையில குந்திக்கிட்டு மையில எழுதுறீங்களே! ரெண்டு தண்ணி தாங்குமா அது?"

"அப்ப நீங்களே குறி போடுங்கண்ணே. எந்தக் குறி?"

அவர் யோசித்தார். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குக் குறி வைத்தவர் சொந்த வீட்டுக்கு ஒன்று வைத்ததில்லை. வீட்டுத் துணி வீட்டிலேயேதானே கிடக்கிறது, எதற்கு என்று இருந்துவிட்டார். சேங்கொட்டையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு மகளிடம் போனார். சிவகாமி அதைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னையும் கட்டிப் போடுறீங்களாப்பா?"

மாணிக்கம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உனக்கு வேணாம்னா வேணாம்மா. அங்கிள் எழுதுனதே இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன். அந்தத் துணிங்க அழுவுதுன்னியே, என்ன சொல்லி அழுவுது?"

அதுவரை எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அழவில்லை அழவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"வீட்டுக்குப் போவணுமாம்."

"நேத்து எல்லாத்தையும் பிரிச்சு வச்சேனே, பாத்தியா? காலையிலயே கொண்டுபோயிக் குடுத்துட்டேன். எழுபத்து மூணும் வீட்டுக்குப் போயிடுச்சு."

"குறி இல்லாமயா?"

"குறி இல்லாததால உங்கப்பன் முதுகு ஒடிஞ்சுபோச்சு. இருந்திருந்தா யாரு எடுத்தாலும் இந்த வீட்டுதுன்னு சொல்லும்ல. நீ ஆறு மாசம் வேற எடத்துல இருக்கப் போற. உன் துணி எந்த வீட்டுதுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

சிவகாமி தலையைச் சாய்த்துக்கொண்டாள். உள்ளே வேறு யாரோ பேசுவதையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு ஊசியை எடுத்தாள். பால் பட்டுவிடாமல் மாணிக்கம் அவள் விரலைத் துணியால் சுற்றி, கையோடு கை வைத்துப் பிடித்துக்கொண்டார். கழுத்துப்பட்டியின் உள்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். அதற்குக் கீழே படுக்கையாக ஒரு சின்னக் கோடு.

"நீங்க, அம்மா. கீழ நான் தூங்குறேன்."

"இந்தக் குறி வேற யாருக்காவது இருக்கா பாத்துக்க. உனக்குத் தெரியாததா?"

அவள் கண்ணை மூடி நூற்றுப் பன்னிரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். "இல்லப்பா" என்றாள். பழைய சிவகாமி இரண்டு நொடி வந்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பஸ்ஸில் போனோம். ஆறு கவுனுக்கும் கஞ்சி போட்டு, ஓரம் கத்தி மாதிரி தேய்த்து, வாழையிலைக் கட்டுபோல மடித்து மங்களம் மடியில் வைத்திருந்தாள். வார்டில் ஒரு மிஸ்ஸி கட்டைப் பிரித்துப் பார்த்து, எந்த டோபி என்று மலாயில் கேட்டாள். மாணிக்கம் தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். "கவர்னருக்குக்கூட இப்படித் தேய்க்கமாட்டாங்க" என்றாள் அவள். சிவகாமி அழவில்லை. தாயின் முந்தானையைப் பிடித்து, அதன் நுனியில் தானே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போனாள். மங்களம் அந்த முடிச்சை அவிழ்க்காமலே அந்தச் சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள்.

முதல் மூன்று வாரம் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதமும் நெத்திலி வறுவலும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் மண்டோர் துரைசாமி ஏறி, மாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டார்.

"எங்க மாணிக்கம், குடும்பத்தோட?"

"சொந்தக்காரங்களப் பாக்க."

"பாப்பா வரல?"

"அது... அங்கதான் இருக்கு."

மங்களம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் வழி முழுக்க அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. மாணிக்கமும் தலையைக் குனிந்துகொண்டேதான் வந்தார்.

சிவகாமி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மருந்தினால் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. நடையும் மெதுவாக இருந்தது. ஆனால் தூங்கிய முகம். ரசம் சாதம் ஆறு வாய் வாங்கினாள். மங்களம் ஒவ்வொரு வாயையும் எண்ணினாள். இன்னும் சத்தம் கேட்கிறதா என்று மாணிக்கம் கேட்டார். "கேக்குது. தூரத்துல கேக்குது" என்றாள்.

அப்போது அந்த மிஸ்ஸி வந்தாள். பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் தலையணை உறையில், போர்வையில் உள்ள ஆஸ்பத்திரி நம்பரையெல்லாம் பல்லால் கடித்துப் பிய்த்துவிடுகிறாள், பன்னிரண்டு உறை போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே முறையிட்டாள். மாணிக்கத்தின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். கொண்டுவந்து விட்டும் பலனில்லையா என்று நினைத்தேன்.

சிவகாமி எழுந்து தகப்பனின் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலை ஒதுக்கி, கவுனின் கழுத்துப்பட்டியை வெளியே மடித்துக் காட்டினாள்.

இரண்டு புள்ளி. கீழே ஒரு கோடு. நாலு வாரத் தண்ணியில் இன்னும் கறுத்துப் போயிருந்தது. பல் படவில்லை.

"இது நம்ம வீட்டுது" என்றாள்.

மாணிக்கம் அந்தக் குறியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் மாலை மண்டோர் துரைசாமி துணி போட வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வாத்தியார் இருந்தார், லோரிக்கார ஜலாலுதீன் இருந்தார். வாசலில் ருக்கையாக்கா.

"என்ன மாணிக்கம், சொந்தக்காரங்களப் பாத்தாச்சா? பாப்பாவை ஒரேடியா அங்கயே விட்டுட்டீங்களா?"

மாணிக்கம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தார். உடம்பை நிமிர்த்தினார்.

"சொந்தக்காரங்க இல்லீங்க. நேத்து பொய் சொல்லிட்டேன். எம்பொண்ணுக்கு மனசுல நோவு. பெரிய ஆஸ்பத்திரியில தங்க வச்சு வைத்தியம் பாக்குறோம். நானும் எம்பொஞ்சாதியும் கையெழுத்துப் போட்டு, நாங்களே கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்தோம். இனிமே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயிப் பாப்போம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளேயிருந்து மங்களம் கரண்டியோடு வந்து நின்றாள். துரைசாமி பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினார். பாவம், அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வழக்கமாகக் கேட்பதுதான் வாயில் வந்தது.

"எப்ப வரும் மாணிக்கம்?"

மாணிக்கம் பெட்டியைக் கையில் எடுத்தார். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"வரும். குறி போட்டிருக்கேன்."